பெரம்பூரில் ஒரு பழைய பேஸ் பெட்டி: உள்ளே எந்த ஸ்பீக்கரைப் போடுவது?

எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் ஒரு பேஸ் பெட்டி, அதாவது பேஸ் கிடாரின் சத்தம் வெளியே வரும் ஸ்பீக்கர் பெட்டி, இருக்கிறது. எழுபதுகளில் பக்கத்துத் தெருவில் குடியிருந்த ஆங்கிலோ இந்திய அங்கிள் ஒருவர் தன் கையால் செய்தது. அவருக்குப் பகலில் பெரம்பூர் ரயில்வே கேரேஜ் ஒர்க்ஸில் தச்சு வேலை, சனிக்கிழமை ராத்திரி டான்ஸ் பேண்டில் பேஸ் கிடார். குடும்பத்தோடு மெல்போர்னுக்குக் கிளம்பும்போது, "இதைக் கப்பல்ல ஏத்த முடியாது மேன், நீயே வச்சுக்கோ" என்று அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அந்தப் பெட்டியில்தான் நான் பேஸ் வாசிக்கக் கற்றுக்கொண்டேன்.

சில மாதங்களுக்கு முன்னால் அதன் 15 இஞ்ச் ஸ்பீக்கர் போய்விட்டது. முன்னால் நான்கு வழிகள் இருந்தன. பழைய ஸ்பீக்கரையே ரீகோன் செய்யலாம், அதாவது முன்னால் ஆடுகிற கூம்பான கோனையும் அதை ஆட்டுகிற கம்பிச்சுருளான காயிலையும் மட்டும் புதிதாகப் போடலாம். ஃபெரைட் மேக்னெட் வைத்த புது பேஸ் ஸ்பீக்கர் வாங்கலாம். எடை குறைந்த நியோடிமியம் மேக்னெட் வைத்த ஸ்பீக்கர் வாங்கலாம். இல்லையென்றால் சவுண்ட் சர்வீஸ்காரர்கள் போடும் உள்ளூர் 15 இஞ்சைப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கலாம். வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் கானா மேடைகளில் வாசிக்கிற தம்பிகளும், சர்ச் கொயரில் வாசிக்கிறவர்களும் என்னிடம் கேட்பதும் இதே கேள்விதான்: "அண்ணா, பழைய பெட்டி ஒண்ணு கிடைச்சிருக்கு, ஸ்பீக்கர் போயிடுச்சு, எது போடலாம்?"

முதலில் பெட்டியை அளந்துவிட்டு வா என்பேன். மேக்னெட்டைப் பற்றியும் வாட்ஸைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசுகிறோம். ஆனால் ஒரு ஸ்பீக்கர் எவ்வளவு கீழே இறங்கிப் பேசும் என்பதில் பாதியைப் பெட்டிதான் தீர்மானிக்கிறது. எனக்குத் தெரிந்து இங்கே வீணான பணத்தில் பெரும்பகுதி, நல்ல ஸ்பீக்கரைப் பொருந்தாத பெட்டியில் போட்டதால் வீணானது.

அளப்பது சுலபம். உள் அளவுகளை இஞ்சில் எடுத்து மூன்றையும் பெருக்கி, 61ஆல் வகுத்தால் லிட்டர் வந்துவிடும். எங்கள் பெட்டி உள்ளே 22க்கு 20க்கு 14 இஞ்ச். கிட்டத்தட்ட 101 லிட்டர். ஸ்பீக்கரும் உள்ளே இருக்கிற முட்டுக்கட்டைகளும் அடைக்கிற இடத்தைக் கழித்தால் 92 லிட்டர். அப்புறம் பெட்டி முழுக்க மூடியதா, காற்று போய்வர ஓட்டை விட்டதா என்று பார்க்க வேண்டும். எங்களுடையது ஓட்டை விட்டது. முன்பலகையின் அடியில் நீளவாக்கில் ஒரு திறப்பு.

மரத்தையும் பாருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் தண்ணீர் ஏறி வீட்டுக்குள்ளும் வந்தது. அப்போது என்னிடம் இன்னொரு பெட்டியும் இருந்தது, பார்ட்டிகிள் போர்டில் செய்த புதுப் பெட்டி. தண்ணீர் வடிந்தபோது அது டீயில் ஊறிய ரஸ்க் மாதிரி உப்பிப் பிரிந்துவிட்டது. அங்கிளின் பிளைவுட் பெட்டி நிழலில் காய்ந்து எழுந்து நின்றது. அடிப்பலகையில் ஒரு மூலை மட்டும் லேசாக உரிந்திருந்தது, பசை வைத்து கிளாம்ப் போட்டதும் சரியாகிவிட்டது. வட சென்னையில் புதிதாகப் பெட்டி செய்பவர்கள் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள 18 மி.மீ. மரைன் பிளைவுட் கேட்டு வாங்குங்கள். கூடுதலாகும் காசு ஒரே மழையில் திரும்பி வந்துவிடும்.

அங்கிள் இந்தப் பெட்டியை எதைப் பார்த்துச் செய்தார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஃபெண்டர் கம்பெனி 1951இல் மின்சார பேஸ் கிடாரைக் கொண்டுவந்து, அடுத்த ஆண்டே அதற்காக ஒரு 15 இஞ்ச் வைத்த பேஸ்மேன் ஆம்பையும் (ஆம்ப்ளிஃபையர்) விற்றது. பிறகு அதே பேஸ்மேன் நான்கு 10 இஞ்சாக மாறியது. பேஸ் வாசிப்பவர்களைவிட கிடார் வாசிப்பவர்கள்தான் அதைத் தூக்கிக் கொண்டாடினார்கள். 1960இல் ஆம்பெக் கம்பெனிக்காக ஜெஸ் ஆலிவர் வடிவமைத்த பி-15 வந்தது. ஒரே 15 இஞ்ச், காற்றோட்டம் விட்ட பெட்டி, வேலை முடிந்ததும் ஆம்பைத் தலைகீழாகத் திருப்பிப் பெட்டிக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். சக்தி வெறும் 25, 30 வாட்ஸ். எங்கள் பெட்டியின் மேல்பலகையிலும் அதே திருப்பு மூடி, பித்தளைக் கொக்கியோடு இருக்கிறது.

மோட்டவுன் என்ற அமெரிக்கக் கம்பெனியின் இசைத்தட்டுகளில் கேட்கும் பேஸ் ஒலி இந்த மாதிரிப் பெட்டியிலிருந்து வந்தது என்று பலர் சொல்கிறார்கள். அவற்றில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் மேடையில் பி-15 வைத்திருந்தது உண்மை. ஆனால் ஸ்டுடியோவில் அவருடைய பேஸ் பெரும்பாலும் நேராக மிக்ஸருக்குள்தான் போனது. இசைத்தட்டில் கேட்ட ஒலியைத் தேடி ஸ்பீக்கர் வாங்கினால் கடைசிவரை தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

பழைய பெட்டியில் கை வைக்க ஒரு விஷயம் எனக்குத் தைரியம் கொடுத்தது. காற்றோட்டம் விட்ட பெட்டிக்கும் ஸ்பீக்கருக்கும் உள்ள பொருத்தத்தைக் கணக்காக்கி நெவில் தீல் ஆஸ்திரேலியாவில் கட்டுரை எழுதியது 1961இல். ரிச்சர்ட் ஸ்மால் அதை விரித்து எழுதியது எழுபதுகளின் தொடக்கத்தில். இன்று ஸ்பீக்கர் வாங்கும்போது கூட வரும் தாளில் எஃப்.எஸ். (ஸ்பீக்கர் தானாக முழங்கும் ஹெர்ட்ஸ்), க்யூ.டி.எஸ்., வி.ஏ.எஸ். என்று பெட்டிக் கணக்குக்கான எண்கள் இருப்பதெல்லாம் அவர்கள் வழி வந்தவை. அந்தப் பழைய பெட்டிகளில் பெரும்பாலானவை இந்தக் கணக்கு கைக்கு வருவதற்கு முன்னால், காதை மட்டும் நம்பிச் செய்தவை. அங்கிளின் பெட்டியும் அப்படித்தான். ஆகவே பழையது என்பதற்காகவே அதில் கை வைக்கக்கூடாது என்று நான் நினைக்கவில்லை. அவரே இன்று இருந்தால் கணக்குப் போட்டுப் பார்த்திருப்பார்.

நான்கு கம்பி பேஸில் அடிக் கம்பியை விரல் அழுத்தாமல் மீட்டினால் 41 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 41 அதிர்வு. அடுத்தது 55, அதற்கடுத்து 73, மேல் கம்பி 98. ஒரு ஸ்பீக்கர் 82 ஹெர்ட்ஸில் கொடுக்கிற அதே சத்தத்தை 41இல் கொடுக்க, கோன் நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் ஆட வேண்டும். காற்றைத் தள்ளக் கோனுக்குப் பரப்பு வேண்டும், இல்லையென்றால் ஆட்டம் வேண்டும். பழைய ஸ்பீக்கர்களுக்கு ஆட்டம் குறைவு. புதியவற்றுக்கு அதிகம். பழசுக்கும் புதுசுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் மேக்னெட்டைவிட இதில்தான் இருக்கிறது.

சரி, முதல் வழி, ரீகோன். எங்கள் பழைய ஸ்பீக்கர் அல்னிகோ மேக்னெட் கொண்டது. பின்னால் மணி கவிழ்த்தது போல ஒரு மூடி இருக்கும், அதை வைத்தே கண்டுபிடிக்கலாம். அல்னிகோ என்றால் அலுமினியம், நிக்கல், கோபால்ட் சேர்ந்த உலோகம். அதை ஸ்பீக்கர் கம்பெனிகள் கைவிட்டதற்குக் காரணம் காசுதான். 1978இல் ஜயரில் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) நடந்த சண்டையில் கோபால்ட் விலை எகிறியது, எல்லோரும் ஃபெரைட்டுக்கு ஓடினார்கள். அல்னிகோவுக்கென்று இனிமை இருக்கிறதா? அதிகச் சக்தியில் அடிக்கும்போது லேசாக அமுங்கிப் பேசுவது போல என் காதுக்குப் படுகிறது. ஆனால் அதே மேக்னெட்டில் வேறு கோனும் வேறு காயிலும் போட்டால் அது வேறு ஸ்பீக்கர். இதை நான் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

பத்து வருஷத்துக்கு முன்னால் இதே ஸ்பீக்கரின் கோன் ஓரம் கிழிந்தது. ரிப்பேருக்குக் கொடுத்தேன். மூன்றே நாளில், புத்தம் புதிதாகப் பளபளக்கிற கோனோடு வந்தது. வீட்டில் மாட்டி அடிக் கம்பியை மீட்டியதும் மனசு உட்கார்ந்துவிட்டது. பழைய கோன் காகிதத்தை மடித்த விளிம்போடு, கையில் எடுத்தால் அப்பளம் மாதிரி லேசாக இருக்கும். இவர்கள் போட்டது கையில் இருந்த பி.ஏ. (சவுண்ட் சர்வீஸ் ஒலிபெருக்கி) கோன், இரண்டு மடங்கு தடிமன். சத்தம் அப்படியே குறைந்துவிட்டது, ஆம்பை இரண்டு மடங்கு திருகினால்தான் பழைய அளவு. காயிலும் மேக்னெட் இடைவெளியின் நடுவில் உட்காரவில்லை. இரண்டு கையின் விரல்களையும் கோனின் மையத்தைச் சுற்றிச் சமமாக வைத்து மெதுவாக உள்ளே அழுத்திப் பாருங்கள். நல்ல ஸ்பீக்கர் சத்தமே இல்லாமல் போய்த் திரும்பும். என்னுடையது உப்புத்தாள் தேய்ப்பது போல "சர்ர்" என்றது. அந்த உரசலோடுதான் இத்தனை வருஷம் ஓட்டி, கடைசியில் காயில் அறுந்தது.

அதனால் ரீகோன் செய்யக் கொடுப்பவர்கள் வாயைத் திறந்து கேளுங்கள்: கோனின் எடை பழையதற்கு ஒத்து வருமா, விளிம்பு காகிதமா துணியா, காயிலின் உயரம் எவ்வளவு, எத்தனை ஓம்ஸ்? பதில் சொல்லத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். திரும்பி வந்ததும் மீட்டரை வைத்துப் பாருங்கள். 8 ஓம்ஸ் ஸ்பீக்கர் என்றால் மீட்டரில் 5.5இலிருந்து 6.5 வரை காட்டும். 4க்குப் பக்கத்தில் காட்டினால் அது வேறு காயில், டிரான்சிஸ்டர் ஆம்புக்கு ஆபத்து.

சரியாக ரீகோன் ஆனாலும் அது 30, 40 வாட்ஸ் காலத்து ஸ்பீக்கர். ஜே.பி.எல். டி130 என்ற புகழ்பெற்ற 15 இஞ்ச் இதற்கு நல்ல பாடம். 4 இஞ்ச் காயில், மிக லேசான கோன், கொஞ்சம் சக்திக்கே பெரிய சத்தம். ஆனால் ஆட்டம் மிகக் குறைவு, பேஸின் அடியைத் தாங்காது. அதனால்தான் அதே கம்பெனி பேஸுக்கென்று டி140எஃப் என்று தனியாக ஒன்று செய்தது. இப்போது கையடக்கமாக வரும் 500 வாட்ஸ் கிளாஸ் டி ஆம்போடு ஒரு பழைய அல்னிகோவை இணைப்பது, மாட்டு வண்டியில் லாரி இஞ்சினைக் கட்டுவது போல. வீட்டில் வாசிக்க, வால்வ் ஆம்போடு சின்ன சர்ச் ஹாலில் வாசிக்க ரீகோன்தான் என் முதல் தேர்வு. தெரு மேடைக்கு வேண்டாம்.

இரண்டாவது, ஃபெரைட். பேஸுக்கென்றே செய்த ஃபெரைட் 15 இஞ்சுகளில் எமினென்ஸ் லெஜண்ட் சி.பி.158 ஒரு நல்ல உதாரணம்: 300 வாட்ஸ், 8 ஓம்ஸ். இந்த வகையில் கோனுக்குப் போதுமான ஆட்டம் உண்டு. நடு ஒலியும் பழைய குணத்துக்குப் பக்கத்தில், மழமழப்பு இல்லாமல் இருக்கும். குறை எடை. ஏற்கனவே கனமான பெட்டியை இன்னும் கனமாக்கும்.

வாங்கும் முன் தாளில் எஃப்.எஸ்ஸை க்யூ.இ.எஸ்ஸால் (கோனின் ஆட்டத்தை மேக்னெட்டும் காயிலும் எவ்வளவு அடக்குகின்றன என்று காட்டும் எண்) வகுத்துப் பாருங்கள். 50க்குக் கீழே வந்தால் மூடிய பெட்டிக்கு ஏற்றது, 100க்கு மேலே போனால் ஓட்டை விட்ட பெட்டிக்கு ஏற்றது, நடுவில் இருந்தால் இரண்டுக்கும் முயலலாம். தோராயமான கணக்குதான், ஆனால் கடைக்காரர் சொல்கிற "செம பேஸ் சார்" என்பதைவிட நம்பலாம்.

மூன்றாவது, நியோடிமியம். இதே எமினென்ஸின் கப்பாலைட் 3015 மாதிரி ஒன்று 450 வாட்ஸ் தாங்கும், எடையோ ஃபெரைட்டில் பாதி அளவுதான். ஹவுசிங் போர்டு குடியிருப்பில் மூன்றாவது மாடியில் இருந்துகொண்டு வாரம் இரண்டு கச்சேரிக்குப் போகிறவருக்கு நான் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். முதுகுவலி வந்தபின் மிச்சம் பிடித்த காசால் பிரயோஜனம் இல்லை. ஆனால் நம்ம ஊருக்கு இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். நியோடிமியம் மேக்னெட் எளிதில் துருப்பிடிக்கிற பொருள், அதனால்தான் அதற்கு மேல்பூச்சு போடுகிறார்கள். காசிமேடு, ராயபுரம் பக்கம் கடல் காற்றில் கேட் கம்பியே வருஷத்துக்கு ஒரு முறை பெயிண்ட் கேட்கிறது. பூச்சு உரிந்த பழைய நியோ ஸ்பீக்கரைச் செகண்ட் ஹேண்டில் வாங்காதீர்கள். இரண்டாவது, ஃபெரைட்டைவிட வெப்பத்துக்கு இது சீக்கிரம் பலவீனமாகும். மே மாத வெயிலில் கறுப்புப் பெட்டியை மேடையில் மதியமே வைத்துவிட்டுப் போகிற பழக்கம் இருந்தால் மேலே ஒரு வெள்ளைத் துணியாவது போடுங்கள்.

நான்காவது, உள்ளூர் பி.ஏ. ஸ்பீக்கர். இதை மட்டமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆடித் திருவிழாவில் விடிய விடிய ஓடி, மழையில் நனைந்து, மறுநாளும் ஓடுகிற ஸ்பீக்கர்கள் அவை. விலையும் மற்ற மூன்றையும்விடக் குறைவு, காயில் போனால் மாலைக்குள் மாற்றிக் கொடுக்க ஆள் இருக்கிறது. ஆனால் அவற்றில் பல, பக்கத்தில் சப் (அடி ஒலிக்கென்றே இருக்கும் தனி ஸ்பீக்கர்) இருக்கும் என்று நம்பிச் செய்தவை. எஃப்.எஸ். 50க்கு மேலே, ஆட்டம் குறைவு. தனியாக பேஸுக்குப் போட்டால் அடிக் கம்பியில் கோன் "பட் பட்" என்று முட்டும். ஸ்டிக்கரில் இருக்கும் ஆயிரம் வாட்ஸை நம்ப வேண்டாம். தாள் கொடுத்தால் வாங்கலாம், தாள் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

15 இஞ்சே வேண்டாம், எட்டு 10 இஞ்ச் பெட்டி வாங்கலாமா என்று கேட்கிற தம்பிகளும் உண்டு. 1969இல் வந்த ஆம்பெக் எஸ்.வி.டி.யின் பெட்டி அது. 300 வாட்ஸ் வால்வ் ஆம்பின் சத்தத்தைத் தாங்கச் செய்தது. ஒரு 10 இஞ்சின் கோன் பரப்பு சுமார் 350 சதுர செ.மீ., 15 இஞ்சுடையது சுமார் 855. எட்டைச் சேர்த்தால் மூன்று 15 இஞ்சுக்கும் மேலே. எட்டும் தலா 32 ஓம்ஸ், சேர்த்தால் 4. பெட்டியோ முழுக்க மூடியது. இதில் எனக்குப் பிடித்த விஷயம், இன்று விற்கிற 810இ பெட்டியின் தாளிலேயே 58 ஹெர்ட்ஸில் மூன்று டெசிபல் குறைந்துவிடும் என்று போட்டிருக்கிறது. அதாவது 41 ஹெர்ட்ஸ் அடிக் கம்பியின் ஆதார ஒலி அதில் நன்றாகவே குறைந்துதான் வருகிறது. ஆனாலும் நெஞ்சில் அடிக்கிறது. 82 ஹெர்ட்ஸில் வரும் இரண்டாவது ஒலி பலமாக இருந்தால் மிச்சத்தைக் காது தானே நிரப்பிக்கொள்கிறது. எவ்வளவு கீழே இறங்குகிறது என்பதை மட்டும் பார்த்து ஸ்பீக்கர் வாங்கக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. மற்றபடி அது 64 கிலோ. குட்டி யானை வண்டி, கூடவே இரண்டு பேர். எங்கள் தெரு மேடைகளில் பேஸ் டி.ஐ. பாக்ஸ் (கிடாரை நேராக மிக்ஸரில் இணைக்கும் சின்னப் பெட்டி) வழியாக வாடகை சப்புக்குத்தான் போகிறது, நம் பெட்டி நமக்கும் டிரம்மருக்கும் கேட்டால் போதும். அதற்கு ஒரு 15 இஞ்சோ இரண்டு 10 இஞ்சோ தாராளம். 1960களின் கடைசியில் வந்த அக்கூஸ்டிக் 360 மாதிரி மடித்த ஹார்னுக்குள் (புனல் போல விரியும் குழல்) 18 இஞ்ச் வைத்த பெட்டிகளின் சத்தம் தூரத்தில்தான் திரளும், பக்கத்தில் நிற்கிற நமக்கே சரியாகக் கேட்காது. அது பெரிய மைதானத்துக்கு உரியது.

நான் கடைசியில் ஃபெரைட்டை எடுத்தேன். மாதத்தில் மூன்று மேடையாவது வெளியே, பெட்டியோ தரைத்தளத்தில் இருக்கிறது, படி ஏற்ற வேண்டியதில்லை. அங்கிள் விட்டிருந்த நீளத் திறப்பைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது பெட்டி 60 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் முழங்கியது, புது ஸ்பீக்கருக்கு அது மேலே. திறப்பைப் பலகை வைத்து மூடினேன். அந்தப் பலகை திருகில்தான் நிற்கிறது, எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம். முன்பலகையில் இரண்டு ஓட்டை போட்டு, ஹார்டுவேர் கடையில் வாங்கிய 4 இஞ்ச் பி.வி.சி. குழாயை 18 செ.மீ. நீளத்துக்கு இரண்டு துண்டாக அறுத்துச் செருகினேன். 92 லிட்டருக்கு இது 45 ஹெர்ட்ஸ் வரும். அதற்குக் கீழே போனால் காற்று கோனைத் தாங்காது, கோன் கட்டில்லாமல் ஆடும். ஐந்து கம்பி பேஸில் அடிக் கம்பி 31 ஹெர்ட்ஸ் என்பதால், அது வைத்திருப்பவர்கள் 35 ஹெர்ட்ஸ் பக்கத்தில் தொடங்கி அதற்குக் கீழே உள்ளதை வெட்டுகிற ஒரு ஃபில்டரை ஆம்புக்கு முன்னால் கட்டாயம் போடுங்கள்.

மாட்டும் முன் பிளஸ், மைனஸ் முனைகள் சரிதானா என்று அறிய ஒரு பென்டார்ச் பேட்டரியை முனைகளில் தொட்டுப் பார்த்தேன், பிளஸ் பக்கம் பிளஸ் வைத்ததும் கோன் வெளியே தள்ளியது. மாட்டிய பின் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி, குழாய்களைத் துணியால் அடைத்துவிட்டு, தம்பியை அடிக் கம்பியை மீட்டச் சொல்லி, பெட்டியின் ஓரங்கள் எல்லாவற்றிலும் புகையைக் காட்டிக்கொண்டே வந்தேன். வெள்ளத்தில் உரிந்த அந்த மூலையில் மட்டும் புகை துடித்துத் துடித்து விலகியது. மயிரிழை இடுக்கு. உள்ளிருந்து சிலிக்கான் வைத்து அடைத்ததும் புகை நேராக நின்றது, அடிக் கம்பியின் சத்தமும் இறுகியது.

அங்கிளின் அல்னிகோவை நான் தூக்கிப்போடவில்லை. மேக்னெட்டும் சட்டகமும் நன்றாகவே இருக்கின்றன. இடைவெளியில் தூசி போகாமல் டேப் ஒட்டி, பழைய வேட்டியில் சுற்றி, பரணில் வைத்திருக்கிறேன். காகித விளிம்போடு சரியான எடையில் கோன் கிடைத்தால் ரீகோன் செய்வேன். அது வந்ததும் குழாய்களை அடைத்து, திறப்புப் பலகையைக் கழற்றினால் பழைய பெட்டி திரும்ப வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு அது, தெரு மேடைக்கு இது. மாற்ற எட்டு போல்ட்தான்.